வீடு நம்முடையது, மண் யாருடையது?
அடிமனை வாடகைதாரர் உரிமை குறித்து ஓர் உரை

(பிற மாநிலங்களில் வாழும் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

எனக்குத் தரப்பட்ட பொருள் அடிமனை வாடகைதாரர்களின் உரிமை. வீட்டு வாடகை பற்றி நமது கிளைகளில் அடிக்கடி விவாதிக்கிறோம். அது வேறு. அங்கே வீடும் மண்ணும் ஒருவருக்கே சொந்தம். நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விட முடியும். அடிமனையில் வீட்டைக் கட்டியவர் குடியிருப்பவரே. செங்கல், ஓடு, தகரம், கொத்தனார் கூலி எல்லாம் அவருடைய உழைப்பின் காசு. அதன் கீழே இருக்கும் மண் மட்டும் இன்னொருவருடையது. மண்ணுக்காக மாதந்தோறும் வாடகை கட்டுகிறார். மண்ணுக்குரியவர் "காலி செய்" என்றால், அவர் இழப்பது குடியிருக்கும் உரிமையை மட்டுமல்ல, வாழ்நாள் சேமிப்பான வீட்டையே.

இந்த உறவுக்குக் கொல்கத்தாவில் திக்கா என்று பெயர். கேரளத்தில் இதன் நெருங்கிய உறவினருக்குக் குடிகிடப்பு என்று பெயர். தமிழ்நாட்டில் அடிமனை என்கிறோம். ஆனால் நான் அமெரிக்காவிலிருந்து தொடங்கப் போகிறேன். நம் நாட்டில் இந்த உறவின்மீது ஜமீன், சாதி, கோயில் எனப் பல பழைய போர்வைகள் கிடக்கின்றன. அவற்றை விலக்கி உள்ளே இருப்பதைப் பார்ப்பது கடினம். அமெரிக்காவில் போர்வை ஏதுமில்லை. மண்ணும் பணமும் ஒன்றையொன்று எப்படிப் பெருக்கிக்கொள்கின்றன என்பதை அங்கே அப்பட்டமாகப் பார்க்கலாம்.

நகராத நகரும் வீடு

உலகின் மிகப் பெரிய பணக்கார நாட்டில் சுமார் 2 கோடிப் பேர் மொபைல் ஹோம் எனப்படும் வீடுகளில் வாழ்கிறார்கள். தொழிற்சாலையில் முழுதாகக் கட்டி, இரும்புச் சட்டத்தின்மீது ஏற்றி, சக்கரம் பூட்டி, லாரியால் இழுத்து வந்து நிறுத்தப்படும் வீடு இது. 1976 ஜூன் முதல் இவற்றின் கட்டுமானத் தரத்துக்குக் கூட்டரசு விதிகள் வந்தன. அதன்பின் சட்டத்தின் மொழியில் இது 'உற்பத்தி செய்யப்பட்ட வீடு' ஆயிற்று. மக்கள் வாயில் இன்றும் டிரெய்லர்தான். ஓய்வூதியத்தில் வாழும் முதியோர், கிடங்குத் தொழிலாளர், பண்ணைகளில் வேலை செய்யும் மெக்சிகோ நாட்டுக் குடும்பங்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் எனச் சாதாரண வீடு வாங்க வழியில்லாத உழைப்பாளிகளின் வீடு இது.

இவர்களில் கணிசமானோர் வீட்டுக்கு மட்டுமே சொந்தக்காரர்கள். வீடு நிற்கும் மனை, 'பார்க்' எனப்படும் பெரிய வளாகத்தின் ஒரு துண்டு. வளாகத்தின் சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி, மின்கம்பம் அனைத்தும் பார்க் முதலாளியின் உடைமை. வீட்டுக்கு வாங்கிய கடனுக்கு ஒரு தவணை, மனைக்கு ஒரு வாடகை என்று மாதம் இரண்டு செலவு. மனைக்குச் சொந்தமில்லாதவர் வாங்கும் கடன் பெரும்பாலும் வீட்டுக் கடனாகவும் கணக்கில் வராது. கார் வாங்குவதற்குத் தரும் கடனைப் போல அது அசையும் பொருளுக்கான கடன். ஆகவே வட்டி அதிகம். வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே 2003இல் வாங்கிய கிளேட்டன் ஹோம்ஸ் இந்த வீடுகளைக் கட்டும் மிகப் பெரிய நிறுவனம். அதே நிறுவனத்தின் கிளைகளே வீட்டுக்குக் கடனும் கொடுக்கின்றன.

பெயரோ நகரும் வீடு. ஒருமுறை மனையில் இறக்கிச் சக்கரத்தைக் கழற்றிக் கட்டைகளின்மேல் நிறுத்திவிட்டால், பெரும்பாலான வீடுகள் பிறகு நகர்வதே இல்லை. பிரித்து, இழுத்துச் சென்று, வேறிடத்தில் நிறுத்தி, குழாயும் மின்சாரமும் இணைக்கப் பல ஆயிரம் டாலர் ஆகும். பழைய வீடு வழியிலேயே உடைந்துபோகலாம். உடையாமல் போய்ச் சேர்ந்தாலும், பழைய வீட்டை ஏற்றுக்கொள்ள மற்றொரு பார்க் முன்வராது. புதிய பார்க்குகள் உருவாவதும் அரிது. டிரெய்லர்காரர்கள் தங்கள் பகுதிக்கு வரக்கூடாது என்று வசதி படைத்தோர் நகரமைப்பு விதிகளைக் கொண்டே தடுத்துவிடுகிறார்கள்.

ஆக, மண்ணுக்குரியவர் வாடகையை ஏற்றினால் குடியிருப்பவருக்கு மூன்று வழிகள் உள்ளன. கேட்டதைக் கொடுப்பது, வீட்டை வந்த விலைக்கு விற்பது, அப்படியே விட்டுவிட்டு வெளியேறுவது. இரண்டாவது வழியும் எளிதில் திறக்காது. மனை வாடகை ஏற ஏற, அந்த மனையில் நிற்கும் வீட்டின் விலை இறங்கும். மாதம் அவ்வளவு வாடகை கட்ட வேண்டிய வீட்டை யார் நல்ல விலைக்கு வாங்குவார்? கடைசியில் கைவிடப்பட்ட வீடு பார்க் முதலாளியின் கைக்கே வந்து சேர்கிறது. அவர் அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுகிறார்.

பார்க் வாங்க விரும்பும் முதலீட்டாளர்களுக்கு வகுப்பெடுக்கும் பிரபலமான ஒருவர், இந்தத் தொழிலின் சிறப்பை விளக்க ஓர் உவமை சொன்னது அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளிவந்து பலரது கண்டனத்துக்கு உள்ளாயிற்று. வாடிக்கையாளர்கள் அனைவரையும் இருக்கையோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருக்கும் உணவகம் போன்றது இது என்பது அவர் சொன்னதன் சாரம். அவரைக் கண்டிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. தம் வர்க்கத்தின் ரகசியத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்னவர்கள் குறைவு.

எங்கெல்ஸ் 1872இல் எழுதத் தொடங்கிய 'குடியிருப்புப் பிரச்சினை' கட்டுரைகளைத் தோழர்கள் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் படிக்க வேண்டும். தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு சிறு வீடு கிடைத்துவிட்டால் அவன் பிரச்சினை தீர்ந்தது என்று அன்று புரூதோனின் சீடர்கள் வாதிட்டார்கள். அந்த வீடு அவனை ஓரிடத்தில் கட்டிப்போடும், வேறு வேலை தேடிப் போகும் சுதந்திரத்தைப் பறிக்கும், முதலாளி கூலியைக் குறைக்கவே அது உதவும் என்று எங்கெல்ஸ் பதிலளித்தார். அவர் பேசியது மண்ணோடு சேர்ந்த சொந்த வீட்டைப் பற்றி. மண் இல்லாத சொந்த வீடு அதைவிட மோசமான சங்கிலி. அங்கே பூட்டின் சாவி இன்னொருவரின் இடுப்பில் தொங்குகிறது.

ஒரு சிறு கணக்கு

இந்தப் பார்க்குகள் ஒரு காலத்தில் சிறு குடும்பங்களின் கையில் இருந்தன. வளாகத்தின் முகப்பிலேயே குடியிருந்து, தாமே குழாய் பழுதுபார்த்து, வாடகைக்கு இரண்டு வாரம் தவணை தந்த உரிமையாளர்கள் உண்டு. அவர்களை நல்லவர்கள் என்று புகழ வரவில்லை. அவர்களிடமும் கெடுபிடிக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் நடந்தது அடிப்படை மாற்றம். ஈக்விட்டி லைஃப்ஸ்டைல், சன் கம்யூனிட்டீஸ் போன்ற பங்குச் சந்தை நிறுவனங்கள் பார்க்குகளை வரிசையாக வாங்கின. அவற்றைத் தொடர்ந்து கார்லைல், அப்பல்லோ, பிளாக்ஸ்டோன் எனத் தனியார் முதலீட்டு நிதியங்களும் இறங்கின. வாங்குவதற்கான கடனில் பெரும் பகுதிக்குப் பின்னால் நிற்பவை, சாதாரண மக்கள் வீடு வாங்க உதவுவதற்கென்று அமெரிக்க அரசு உருவாக்கிய பேனி மே, பிரெடி மேக் என்ற இரு நிறுவனங்கள்.

ஏன் இவ்வளவு ஆர்வம்? ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு பார்க்கில் 100 மனைகள். புதிய உரிமையாளர் மனை வாடகையை மாதம் 50 டாலர் மட்டும் ஏற்றுகிறார். ஒரு மனைக்கு ஆண்டுக்கு 600 டாலர். 100 மனைக்கு 60,000 டாலர். இதற்காக அவர் ஒரு செங்கல் வைக்கவில்லை, ஒரு குழாய் மாற்றவில்லை. சந்தையில் இத்தகைய சொத்தின் விலை ஆண்டு வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. போட்ட பணத்துக்கு நூற்றுக்கு ஆறு வருமானம் போதும் என்று வாங்குபவர் நினைத்தால், 60,000 டாலர் கூடுதல் வருமானத்தின் விலை 10 லட்சம் டாலர். ஒரே ஒரு கடிதம், வாடகை உயர்வு நோட்டீஸ், பார்க்கின் மதிப்பை 10 லட்சம் டாலர் உயர்த்திவிட்டது. அந்த உயர்ந்த மதிப்பைக் காட்டி மேலும் கடன் வாங்கலாம்; அடுத்த பார்க்கை வாங்கலாம்.

'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் கட்டட மனை வாடகை பற்றி மார்க்ஸ் எழுதிய அத்தியாயம் சிறியது. வளரும் நகரங்களில் ஊக வணிகரின் உண்மையான குறி கட்டடம் அன்று, நில வாடகையே என்று அதில் சுட்டிக்காட்டுகிறார். 99 ஆண்டுக் குத்தகை முடிந்ததும் மண்ணோடு சேர்ந்து அதன்மேல் எழுந்த கட்டடமும் நிலப்பிரபுவிடம் போய்ச் சேரும் ஆங்கிலேய முறையை விவரிக்கிறார். அமெரிக்காவில் அதற்கு 99 ஆண்டு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

கசப்பான செய்தி இன்னொன்று. யெஸ் கம்யூனிட்டீஸ் என்ற பெரிய பார்க் நிறுவனத்தை 2016இல் வாங்கிய கூட்டில் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிதியும் பென்சில்வேனியா மாநில அரசுப் பள்ளி ஊழியர்களின் ஓய்வூதிய நிதியும் இருந்தன. ஒரு தொழிலாளியின் ஓய்வூதியத்தைப் பெருக்க இன்னொரு தொழிலாளியின் மனை வாடகை ஏறுகிறது. ஓய்வூதியத்தைச் சந்தையில் விடாதே என்று நமது தொழிற்சங்கங்கள் போராடும்போது, பணம் பாதுகாப்பாக இருக்குமா என்று மட்டும் கேட்டால் போதாது. அந்தப் பணம் யாருடைய கழுத்தில் போய் உட்காரும் என்றும் கேட்க வேண்டும்.

காகிதத்தில் வென்ற உரிமைகள்

கூட்டரசின் விதிகள் வீட்டின் தரத்தைப் பற்றியவை. மனை வாடகைதாரரின் பாதுகாப்பு பெரும்பாலும் மாநிலச் சட்டங்களிடம் விடப்பட்டிருக்கிறது. போராட்டம் நடந்த இடத்தில் நல்ல சட்டம், நடக்காத இடத்தில் ஒன்றுமில்லை. பல மாநிலங்களில் மனை வாடகை உயர்வுக்கு உச்சவரம்பே இன்றும் இல்லை.

கலிஃபோர்னியாவில் 1978இல் தனிச் சட்டம் வந்தது. சட்டம் பட்டியலிட்ட காரணங்கள் அன்றி மனையிலிருந்து எவரையும் வெளியேற்ற முடியாது. வெளியேற்ற 60 நாள் நோட்டீஸ் வேண்டும். வாடகையை உயர்த்த 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, வீட்டை இருந்த இடத்திலேயே வைத்து விற்கும் உரிமை. இந்த உரிமை இல்லாத அடிமனைக்காரரின் வீடு சந்தையில் பழைய இரும்புதான்.

ஆனால் மாநிலச் சட்டம் வாடகைக்கு வரம்பு விதிக்கவில்லை. எஸ்கண்டிடோ என்ற நகரத்தின் மக்கள் 1988இல் வாக்கெடுப்பின் மூலம் அதையும் கொண்டுவந்தார்கள். வாடகைகள் 1986ஆம் ஆண்டு அளவுக்குத் திருப்பப்பட்டன. நகர மன்றத்தின் அனுமதியின்றி இனி உயர்த்தக் கூடாது. பார்க் முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். வெளியேற்றவும் முடியாது, வாடகை ஏற்றவும் முடியாது என்றால் அரசு எங்கள் நிலத்தைப் பறித்துக் குடியிருப்பவருக்குக் கொடுத்ததாகவே பொருள், நட்ட ஈடு கொடு என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் நமக்குப் புதிதன்று; நம் நாட்டில் ஒவ்வொரு நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்கு எதிராகவும் நீதிமன்றப் படியேறிய அதே வாதம். 1992இல் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அதை நிராகரித்தார்கள். நிலத்தை வாடகைக்கு விட்டது நீங்களாக விரும்பிச் செய்தது. விட்ட வாடகையை அரசு ஒழுங்குபடுத்துவது நிலத்தைக் கைப்பற்றுவது ஆகாது என்றார்கள். நியூயார்க் மாநிலம் 2019இல் மனை வாடகை உயர்வை ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்தியது. உரிய காரணம் காட்டினால் 6 வரை போகலாம்.

இவை மெய்யான வெற்றிகள். இவற்றை முதலாளித்துவச் சீர்திருத்தம் என்று ஒதுக்கும் தோழர், மாத வாடகையைத் தாமே கட்டாதவராகத்தான் இருக்க வேண்டும். ஆயினும் இந்த வேலியில் ஓர் ஓட்டை உண்டு. மண்ணுக்குரியவர் மண்ணையே விற்றுவிட்டால்? பார்க்கை மூடி வணிக வளாகம் கட்ட முடிவெடுத்தால்? காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்கிற சட்டத்திலேயே, நிலப் பயன்பாட்டை மாற்றுவது ஒரு காரணமாக இடம்பெற்றிருக்கிறது.

இந்த ஓட்டையை அடைக்க முயன்ற கதை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிடித் என்ற ஊரில் 1984இல் தொடங்கியது. சிறிய பார்க், 13 வீடுகள். உரிமையாளர் விற்க முன்வந்தபோது குடியிருப்போர் கூட்டுறவாகச் சேர்ந்து, புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த ஒரு சமூகக் கடன் நிதியத்திடம் கடன் பெற்றுத் தாமே வாங்கினார்கள். பார்க்கை விற்குமுன் குடியிருப்போருக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று அந்த மாநிலம் பின்னர் சட்டமியற்றியது. இன்று அந்த வழியில் நாடெங்கும் 300க்கும் மேற்பட்ட பார்க்குகள் குடியிருப்போரின் கூட்டுடைமையாக உள்ளன. வாடகையை அவர்களே கூடி முடிவு செய்கிறார்கள்.

கூட்டுறவை மதிக்கிறேன். ஆனால் அதன் வரம்பும் தெரிய வேண்டும். அவர்கள் மண்ணை வாங்கியது சந்தை விலைக்கு. நாம் போட்ட கணக்கில் வந்த அந்த 10 லட்சம் டாலரும் அந்த விலைக்குள் இருக்கிறது. அதைக் கடனாகச் சுமந்து, வட்டியோடு திருப்பிச் செலுத்துவது குடியிருப்போரே. நிலப்பிரபு போய்விட்டார், அவருடைய வாடகை வட்டி என்ற பெயரில் சில பத்தாண்டுகள் தங்கியிருக்கிறது. மேலும், ரொக்கத்தோடு வரும் நிதியத்தோடு 60 நாளில் போட்டியிட எல்லா ஊர் மக்களாலும் முடியாது.

நம் மண்ணில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நாட்டின் பொதுச் சட்டம் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். அதன்படி, எழுத்துப்பூர்வமான வேறு ஒப்பந்தமோ தனிச் சட்டமோ இல்லாவிட்டால், குடியிருப்பு மனையை மாத வாடகைக்கு எடுத்தவரை 15 நாள் நோட்டீஸில் வெளியேற்றலாம். அவர் கட்டிய வீடு? காலி செய்யுமுன் பிரித்து எடுத்துப் போகலாம். இதுதான் அவருக்குள்ள உரிமை. சுவரைப் பிரித்தால் கிடைப்பது செங்கல் துண்டும் மண்ணும். அமெரிக்கச் சட்டம் வீட்டை இழுத்துப் போ என்கிறது. நம் பொதுச் சட்டம் இடித்துப் போ என்கிறது. அவர்களாவது சக்கரம் கொடுத்தார்கள்.

இந்தப் பொதுச் சட்டத்தில் முதல் பெரிய உடைப்பு சென்னையில் ஏற்பட்டது. நியாயமான வாடகை கட்டும் வரை வெளியேற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பிறர் மண்ணில் வீடு கட்டியவர்களைக் காப்பதற்கென்றே 1921இல் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வெளியேற்றுவதானால் கட்டடத்துக்கு இழப்பீடு தர வேண்டும். அதைவிடப் பெரிது அதன் 9ஆம் பிரிவு. வெளியேற்ற வழக்கு வந்தால், அந்த மனையை எனக்கே விற்கும்படி உத்தரவிடுங்கள் என்று குடியிருப்பவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். விலையை நீதிமன்றம் நிர்ணயிக்கும். கலிஃபோர்னியா விழிப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே இது இங்கே வந்துவிட்டது.

அந்தச் சட்டம் எப்படித் தேய்ந்தது என்பதும் பாடம். 1996இல் கொண்டுவந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை அதன் வரம்பிலிருந்து விலக்கியது. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது. அந்த வழக்கு மயிலாப்பூர் கிளப்பின் பெயரால் அறியப்படுகிறது என்பது வேடிக்கை. வழக்காடியது கிளப், சட்டத்தின் நிழலை இழந்தவர்களில் கோயில் மனையில் தலைமுறை தலைமுறையாகக் குடிசை கட்டி வாழும் ஏழையும் ஒருவர். நேற்றுவரை வாடகைதாரர் என்ற பெயரில் ரசீது பெற்றவர், வாடகை ஏற்றப்பட்டுப் பாக்கி விழுந்ததும் ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரில் நோட்டீஸ் பெறுகிறார்.

நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புவது கொல்கத்தாவைப் பற்றி. அங்கே பஸ்திகளின் அமைப்பு மூன்றடுக்கு. மண் ஒரு நிலப்பிரபுவுடையது. அதை வாடகைக்கு எடுத்துக் குடிசைகள் எழுப்பியவர் திக்கா வாடகைதாரர். குடிசையின் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவர் பாராட்டியா. பெரும்பாலும் சணல் ஆலைத் தொழிலாளி, கைவண்டி இழுப்பவர், வீட்டு வேலை செய்யும் பெண். 1949ஆம் ஆண்டின் திக்கா சட்டம், குறிப்பிட்ட காரணங்கள் இருந்தாலன்றித் திக்கா வாடகைதாரரை வெளியேற்றக் கூடாது என்று பாதுகாப்பு அளித்தது. கலிஃபோர்னியா பாணிப் பாதுகாப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரம் வளர, மண்ணின் விலை ஏற, அந்தப் பாதுகாப்பின்மீது அழுத்தமும் ஏறியது.

இடது முன்னணி அரசு 1981இல் இயற்றி, 1982 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் வேறு வகையானது. அது நிலப்பிரபுவை ஒழுங்குபடுத்த முயலவில்லை, உறவிலிருந்தே அகற்றியது. திக்கா நிலங்கள் அரசிடம் சேர்ந்தன. குடிசை உரிமையாளர் அரசின் நேரடி வாடகைதாரர் ஆனார். நிலப்பிரபுவுக்குச் சட்டம் வகுத்த ஒரு தொகை. ஊக வணிகம் ஏற்றிவைத்த சந்தை விலை அன்று. மெரிடித் மக்கள் கடன்பட்டுச் செய்ததைக் கொல்கத்தாவும் ஹௌராவும் சட்டமன்றப் பெரும்பான்மையைக் கொண்டு செய்தன.

இதையும் குறையில்லாத சாதனையாகச் சித்தரித்தால் நமக்கு நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். பக்கா கட்டடம் நிற்கும் மனை இந்தச் சட்டத்தில் சேருமா என்று ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. பின்னர் வரையறைக்குள்ளேயே பக்கா கட்டடமும் சேர்க்கப்பட வேண்டியிருந்தது. 2001இல் புதிய சட்டம் வந்தது. திக்கா உரிமை வாரிசுகளுக்குப் போகும், ஆனால் வெளியாருக்கு விற்கக் கூடாது என்ற விதி, ஊக வணிகர் நுழைவதைத் தடுக்கும் சரியான விதி. ஆனால் மேற்கட்டுமானத்துக்கு அனுமதி பெறுவது கடினமாக இருந்தபோது, அதே விதிக்குப் பின்னால் எழுதப்படாத ஒப்பந்தங்களும் இடைத்தரகர்களும் முளைத்தார்கள். பாராட்டியாவின் நிலை இன்னும் சிக்கலானது. மண் அரசிடம் வந்தபோதும் அவருக்குத் திக்கா வாடகைதாரரே வீட்டுக்காரராக நீடித்தார். மேலே இருந்த ஒருவர் போனார். நடுவில் இருந்தவர் நடுவிலேயே இருந்தார்.

கேரளத்தை நீங்கள் அறிவீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1957 ஏப்ரல் 5இல் பதவியேற்ற இ.எம்.எஸ். அமைச்சரவை, ஏப்ரல் 11இல் குடிவெளியேற்றத்தைத் தடுக்கும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1969ஆம் ஆண்டுத் திருத்தம் 1970 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெருநகரத்தில் 3 சென்ட் வரை மண்ணைச் சலுகை விலையில் பெறும் உரிமை கிடைத்தது. ஆனால் சட்டப் புத்தகம் தானாக நிலத்தை அளந்து கொடுக்கவில்லை. 1969 டிசம்பர் 14இல் ஆலப்புழையில் கூடிய மாநாட்டின் அறைகூவலை ஏற்று, ஏழை விவசாயத் தொழிலாளிகள் தம் குடிசையைச் சுற்றியிருந்த 10 சென்ட்டுக்குத் தாமே வேலி கட்டினார்கள். அந்த மண்ணின் தென்னையில் தாமே தேங்காய் பறித்தார்கள். தடியடியும் சிறையும் வந்தன. பட்டா பிறகு வந்தது.

தோழர்கள் எழுப்பிய கேள்விகள்

இடைவேளையில் இரண்டு கேள்விகள் வந்தன. முதலாவது: சொந்த வீடு வைத்திருப்பவர் சிறு உடைமையாளர் அல்லவா, வாடகை வீட்டுத் தொழிலாளியை விட்டுவிட்டு இவருக்காக நாம் ஏன் போராட வேண்டும்? வீட்டைக் கொண்டு இவர் யாரையும் சுரண்டவில்லை என்றால், அது அவருக்கு மூலதனம் ஆகாது. துணியும் பாத்திரமும் போல நுகர்பொருள். அதே அடிமனையில் பத்து அறை கட்டி வாடகைக்கு விட்டவர் இருப்பாரானால், கதை வேறு. அவர் மண்ணுக்குரியவரிடம் ஒடுக்கப்படுபவர், அறைக்காரரிடம் வசூலிப்பவர். கொல்கத்தாவின் அனுபவம் இதற்குத்தான் எச்சரிக்கை. சங்கம் அமைக்கும்போதே அறை வாடகைக்காரரையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். மனைக்காரர்கள் மட்டும் கூடிப் பட்டா வாங்கிய பிறகு, "உங்களையும் பார்த்துக்கொள்வோம்" என்றால் நடக்காது.

இரண்டாவது: எங்கள் மாநிலத்தில் தனிச் சட்டமே இல்லை, என்ன செய்வது? சட்டத்துக்கான இயக்கத்தில் கேட்க வேண்டியவை இவை: காரணமின்றி வெளியேற்றத் தடை; வாடகை உயர்வுக்கு வரம்பு; வீட்டை இருந்த இடத்திலேயே விற்கவும் வாரிசுக்குக் கொடுக்கவும் உரிமை; மண் கைமாறும்போது குடியிருப்போருக்கு முதல் உரிமை, அதுவும் சந்தை விலைக்கன்றி அரசு நிர்ணயிக்கும் விலைக்கு. முதல் இரண்டோடு நின்றுவிட்டால், மண் விற்கப்படும் நாளில் அவை காலாவதியாகும். நான்காவதை விட்டுக்கொடுத்து மற்ற மூன்றைப் பெறலாம் என்று யாராவது பேச்சுவார்த்தையில் சொன்னால், அந்த மேசையில் எச்சரிக்கையாக இருங்கள்.

அதுவரை அன்றாடம் செய்ய வேண்டிய காரியங்கள் உண்டு. நீதிமன்றத்தில் கைவிடப்பட்டவர்களில் பலர் நியாயம் இல்லாததால் தோற்கவில்லை. காகிதம் இல்லாததால் தோற்றார்கள். வாடகை கொடுத்தால் ரசீது வாங்குங்கள். அது மண்ணுக்கான வாடகை, வீட்டுக்கானதன்று என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு சொல் வழக்கின் தலைவிதியை மாற்றும். வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்புங்கள். திரும்பி வந்த சீட்டைக் கிழிக்காதீர்கள். வீட்டுக்குச் சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றைக் குடியிருப்பவர் பெயரிலேயே பெறுங்கள். செங்கல், சிமென்ட் வாங்கிய பழைய பில் இருந்தால் அதுவும் ஆவணமே. பெண்கள் நடத்தும் குடும்பங்களில், இறந்துபோன கணவர் பெயரிலேயே ரசீது தொடர்வதைப் பார்க்கிறோம். உடனே பெயர் மாற்றக் கோருங்கள். மறுவளர்ச்சித் திட்டம் என்று கணக்கெடுப்புக்கு வருவோரிடம் எதை நீட்டினாலும் கையெழுத்திட வேண்டாம். 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல் அந்தப் படிவத்தில் எங்காவது இருக்கிறதா என்று, அந்த ஊர் மொழி படிக்கத் தெரிந்த தோழர் ஒருவர் முதலில் வாசித்துச் சொல்லட்டும். மகாராஷ்டிரத்தில் மராத்தி, கர்நாடகத்தில் கன்னடம், வங்கத்தில் வங்காளி. நம் மக்கள் ஏமாற்றப்படுவது பாதி நேரம் மொழியால்.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் அடிமனையில் வாழும் குடும்பங்களின் பட்டியலை எடுக்க வேண்டும். மண் யாருடையது, தனியாரா, மாநகராட்சியா, ரயில்வேயா, அறக்கட்டளையா, வாடகை எவ்வளவு, கடைசியாக எப்போது ஏறியது, ரசீது உண்டா, அறை வாடகைக்காரர் எத்தனை பேர். ரயில்வே மண்ணில் இருப்பவர்களைத் தனித் தாளில் எழுதுங்கள். மாநிலச் சட்டங்களை அங்கே அப்படியே பொருத்த முடியாது, அதைத் தனியாகப் பேச வேண்டும். அடுத்த வகுப்புக்கு வரும்போது அந்தத் தாள்களைக் கையில் கொண்டு வாருங்கள்.